குளிரறையில் ஒரு சொட்டு

அத்தியாயம் 4

"கொன்னது நீதான்! ஒரு தடவை இல்ல, நாலு தடவை!"

"நான் கிட்டயே போகலைக்கா!"

"கிட்டப் போகாம எப்படிச் சாகும்? தானா தூக்கு மாட்டிக்கிச்சா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா... கதவு திறந்திருக்கு."

கதவு திறந்துதான் இருந்தது. திறந்தவள் நான். ஒரு விரல்கடை அளவுக்குத்தான் திறந்தேன். காது நுழைய அது போதும். யாராவது கேட்டால் சொல்ல, கையில் ஒரு சாப்பாட்டு டப்பாவும் இருந்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் மறந்துவிட்டுப் போனாள், கொடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? டப்பா என்னுடையது, அதுவும் காலி டப்பா என்பதெல்லாம் வேறு விஷயம்.

நாலு கொலை! அதுவும் எங்கள் தெருமுனை ஆய்வுக்கூடத்தில்! குற்றம் சாட்டப்படுவது எங்கள் மாடிப் பெண்! நான் வீட்டுக்குப் பறந்தேன். வழியில் மூன்று பேரிடம் மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல மூச்சு வாங்கியது.

அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என் அண்ணன் மனைவி. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். கை உடைந்தது, கடை எரிந்தது என்று வருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று விசாரிப்பது வேலை. அதை விட்டுவிட்டு வாசலில் 'துப்பறிவாளர்' என்று பலகை மாட்டிக்கொண்டவர். நான் தையல்காரி. பால்கனியில் மெஷின் போட்டு, தெருவைப் பார்த்தபடி தைக்கிறேன். அதனால் என் தையல் கொஞ்சம் கோணலாக இருக்கும்; என் தகவல்கள் அதைவிடக் கோணல் என்பார் அண்ணி. அவருக்கு நான்தான் உதவியாள். நியமித்தது யார் என்று கேட்காதீர்கள், நானேதான்.

"நாலு பிணமா? போலீசுக்குச் சொன்னாங்களா?"

"இல்ல அண்ணி. அதான் இன்னும் சந்தேகமா இருக்கு."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

கதவை இந்தத் தடவை முழுசாகத் திறந்தோம். உள்ளே மூன்று பேர். ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர், குரல் உயர்ந்தாலே கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிக்கிற மனிதர். கத்திக்கொண்டிருந்தவள் மூத்த ஆய்வாளர். மேசையையும் கையையும் எந்நேரமும் துடைப்பாளாம். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் 'பளிங்கு'. அழும் நிலையில் நின்றவள் எங்கள் மாடிப் பெண், இளைய ஆய்வாளர். உயரம் என் தோள்வரை. பெயர் 'வாண்டு'.

"பிணம் எங்கே?" என்றேன், நல்ல கனமான குரலில்.

பேராசிரியர் ஐஸ் பெட்டியிலிருந்து சுண்டுவிரல் நீளக் குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது.

"இதுவா? ஆளு எங்க?"

"ஆளில்லைம்மா. புரதம்."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் காலி டப்பாவைப் பார்த்தேன். வழியில் நான் சொன்ன அந்த மூன்று பேரும் இந்நேரம் தலைக்கு மூன்று பேரிடம் சொல்லியிருப்பார்கள் என்று மனசு கணக்குப் போட்டது.

"அண்ணி, வாங்க போயிடலாம்."

"இருடி." அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நம்ம வீட்டுப் பொண்ணு அழுதுட்டு நிக்குது. சொல்லுங்க சார், இது எப்படிச் செத்துச்சு?"

ஒரு வெளியாள் கேட்டதே பேராசிரியருக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் மேல ஒரு சவ்வு இருக்கு. கொழுப்பால ஆன சுவர்னு வெச்சுக்கங்க. அந்தச் சுவத்துல பதிஞ்சிருக்கிற கதவு இந்தப் புரதம். மருந்து சாப்பிட்டா அது வந்து தட்டுறது இந்த மாதிரிக் கதவுகளைத்தான். இது எப்படித் திறக்குதுன்னு பார்க்கணும்னா, சுவத்துலேருந்து பெயர்த்து எடுக்கணும்."

"கடப்பாரையாலயா?" என்றேன்.

"சோப்பால. ரொம்பச் சாதுவான சோப்பு. அது சுவரைக் கரைச்சிடும், கதவைச் சுத்தி நின்னு தாங்கிக்கும். சோப்பு இல்லாம வெறும் தண்ணியில விட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டிதட்டிடும். சோப்பு முரடா இருந்தா கதவே உருக்குலைஞ்சிடும்."

"புரியுது சார். பொறந்த வீட்டுலேருந்து பிரிச்சுக் கொண்டுவந்த மருமக. சுத்தி இருக்கிறவங்க பதமா நடந்துக்கலைன்னா ஒண்ணு மூலையில உட்காரும், இல்ல மனசு உடையும்."

பேராசிரியர் யோசித்தார். "பரவாயில்லையே, இதை நான் வகுப்புல சொல்லிக்கிறேன்."

மீதியைப் பளிங்கு சொன்னாள். பெயர்த்தெடுத்ததை, பொடி மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் விடுவார்களாம். இவர்களுடைய புரதம் மட்டும் மணிகளைப் பிடித்துக்கொள்ளும். மற்ற குப்பையெல்லாம், சோப்புக் கலந்த நீரை விட்டுக் கழுவினால் ஓடிவிடும். கடைசியில் புரதத்தை மட்டும் பிரித்து எடுத்து, ஒளி விடுகிற ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். உயிரோடு இருந்தால் மருந்தைப் பிடித்துக்கொண்டு ஒளிரும். செத்திருந்தால் இருட்டு.

"எவ்வளவு நேரம் கழுவுவே?" என்றார் அண்ணி.

"சுத்தமாகற வரைக்கும்."

"அதுக்கப்புறமும்," என்று முணுமுணுத்தாள் வாண்டு.

"பார்த்தீங்களா வாயை!" பளிங்கு எகிறினாள். "முன்னாடி ஒவ்வொரு தடவையும் பிழைச்சுது. கடைசி நாலு தடவையும் செத்துப்போச்சு. அதே சோப்பு, அதே குழாய், அதே கை. கழுவுற நீரை முந்தின நாளே கலந்து, குளிரறையில வெச்சுட்டுப் போறேன். ராத்திரி அது அங்கதான் இருக்கு. சாவி எங்க மூணு பேர்கிட்டத்தான். இவளுக்கு என்மேல ஆகாது. ஒரு மாசமா முகம் கொடுத்துப் பேசறதில்லை. வேற யார் அதுல எதையாவது கலந்திருப்பா?"

"அவளோட எதுக்குச் சண்டை?"

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் கிடைக்கலைன்னா, இவகிட்ட சாவியை வாங்கிட்டு அனுப்பித்தான் ஆகணும். ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை இல்லாம இந்த வேலை நடக்காது. ஆனா இப்படி ஒரு காரணத்துக்காக வெளிய போனா, வேற எந்த ஆய்வுக்கூடத்திலயும் இவளைச் சேர்க்க மாட்டாங்க. படிச்சதெல்லாம் வீண்."

வாண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். 'நான் கலக்கவில்லை' என்று அப்போது அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குளிரறை என்பது ஒரு படுக்கையறை அளவுள்ள ஃபிரிட்ஜ். கதவுப் பக்கத்தில் ஆணியில் பஞ்சு வைத்த கோட்டு ஒன்று தொங்கியது. எல்லோருக்கும் பொதுவாம். ஒருத்தர் உள்ளே போனால் மற்றவர் வெளியே நிற்க வேண்டியதுதான். உதவியாள் என்ற முறையில் நான் மாட்டிக்கொண்டு நுழைந்தேன். அண்ணி தன் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார்.

அலமாரியில் ஒரு பெரிய புட்டி. முகர்ந்தேன். வாசனையே இல்லை. வாசனையில்லாத விஷம்தான் ஆபத்தானது என்று எங்கோ படித்திருக்கிறேன். அடியில் ஏதாவது படிந்திருக்கிறதா என்று நன்றாகக் குலுக்கினேன். புட்டி முழுக்க நுரை பொங்கியது.

"ஐயோ, குலுக்காதீங்க!" பேராசிரியரும் பளிங்கும் வாண்டும் ஒரே குரலில் அலறினார்கள். அந்தக் காலையில் மூவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"நுரையில மாட்டினா புரதம் செத்துடும்மா!"

"இதுல இருக்கா?"

"இல்ல, நல்லவேளை. அது வெறும் கழுவுற நீர்."

ஐந்தாவது கொலையிலிருந்து மயிரிழையில் தப்பித்தேன். கௌரவத்தை மீட்க, எனக்குத் தெரிந்த தொழிலுக்குத் தாவினேன்.

"இந்தக் கோட்டுக் கை எனக்கே விரலைத் தாண்டுது. மடிச்சு மடிச்சுத் தடம் விழுந்து கிடக்கு பாருங்க, ரெண்டு மடிப்பு. கொடுத்து விடுங்க, வெட்டித் தெச்சுத் தர்றேன். தெருக்காரங்கன்னா கூலியில சலுகை உண்டு."

"அது இவ பண்ணின வேலை," என்றாள் பளிங்கு. "குள்ளமா இருக்கிறதால மடிச்சு விட்டுக்குவா. சரி, வெளிய வரப்ப பிரிச்சு விடணுமா இல்லையா? முன்னெல்லாம் நான் காலையில வந்து பார்த்தா கை மடிச்சே தொங்கும். நான்தான் பிரிச்சுவிட்டுப் போட்டுக்கணும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இப்பத்தான் ஒரு மாசமா ஒழுங்கா இருக்கு. தடம் தெரியக்கூடாதுன்னு ஜாக்கிரதை. திருட்டுத்தனத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அண்ணி அந்தக் கோட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார்.

"உனக்கு என்ன தோணுது?"

"பேராசிரியர்தான் அண்ணி. சந்தேகமே இல்லை. ரொம்பச் சாதுவா இருக்காரு."

"போன கேஸ்ல ரொம்ப முரடா இருக்கான்னு ஒருத்தனைக் காட்டினே. அவன் ஆம்புலன்ஸ் டிரைவர்."

"அனுபவம் வளருது இல்ல?"

"சரி, இதைச் சொல்லு. தெருவைப் பார்த்துத்தானே தெக்கிறே? நம்ம வாண்டு காலையில எப்பக் கிளம்புறா?"

இதுதான் என் துறை. பெருமூச்சு விட்டுக்கொண்டேன். "அதையேன் கேக்குறீங்க. முன்னெல்லாம் பால்காரருக்கு முன்னாடியே செருப்பு மாட்டிடுவா. தலைகூடச் சரியா வாரியிருக்க மாட்டா. ஒரு ஆளைப் பார்க்கத்தான் ஓடுறான்னு எனக்கு அப்பவே தெரியும். ஒரு மாசமா ஆற அமரக் காப்பி குடிச்சுட்டு, தொங்கின முகத்தோட போறா. புட்டுக்கிச்சு. காதல் தோல்வி. தெருவுல எல்லாருக்கும் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

அண்ணி என் கன்னத்தைத் தட்டினார். பாராட்டா அடியா என்று தெரியாத ஒரு தட்டு. "துப்பு ரெண்டும் உன் கையிலயே இருந்துச்சு. ரெண்டையும் தலைகீழாப் பிடிச்சிருந்தே, அவ்வளவுதான்."

எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்காரச் சொன்னார் அண்ணி. பளிங்கு உட்காரும் முன் நாற்காலியைத் துடைத்தாள்.

"நீங்க எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டுட்டு இருக்கீங்க. செத்த அன்னைக்குக் குளிரறைக்குள்ள யார் போனதுன்னு. நான் மாத்திக் கேக்குறேன். பிழைச்ச அன்னைக்கெல்லாம் யார் போனது?"

பளிங்கு மேசையைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"கோட்டுக் கை மடிச்சுத் தொங்கின காலையெல்லாம் உங்க புரதம் உயிரோட இருந்துச்சு. கை நேரா தொங்க ஆரம்பிச்ச பிறகு நாலு சாவு. இவ ஜாக்கிரதையானதால கை நேராகலை. வர்றதை நிறுத்தினதால நேராச்சு." அண்ணி வாண்டு பக்கம் திரும்பினார். "விடியறதுக்குள்ள ஓடிவந்து, உங்க அக்கா வர்றதுக்கு முன்னாடி அந்தப் புட்டியில என்னம்மா போட்டே?"

வாண்டுவின் கண்ணில் அதுவரை தேங்கி நின்றது வழிந்தது.

"கொழுப்பு," என்றாள். "ஒரு சொட்டு. கொலஸ்ட்ரால் மாதிரி ஒண்ணு. சோப்புல கரைச்சு வெச்சிருந்தேன்."

"என்னது!" பளிங்கு எழுந்தே விட்டாள்.

"சுவரைக் கரைச்சாலும் நாலு செங்கல் கதவோடவே ஒட்டிட்டு வரும் சார். அந்தக் கொஞ்சம் கொழுப்புலதான் அது நிமிர்ந்து நிக்குது. அக்கா கழுவுற கழுவுல அதுவும் போயிடுது. அதனால கழுவுற நீர்லயே கொஞ்சம் கொழுப்பு இருந்தா, போனதுக்குப் பதிலா இது வந்து உட்கார்ந்துக்கும். இதை மீட்டிங்லயே சொன்னேன். 'கொழுப்பைக் கரைச்சு வெளிய எடுக்கத்தான் இவ்வளவு பாடு, திரும்பக் கொழுப்பா? உனக்குத்தான் கொழுப்பு'ன்னு அக்கா சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சாரும் சிரிச்சீங்க."

பேராசிரியர் கண்ணாடியைத் தேடினார். அது மூக்கில்தான் இருந்தது.

"அதனால சொல்லாமப் போட்டேன். பிழைச்சுது. ஒவ்வொரு தடவையும் பிழைச்சுது. போன மாசம் அக்கா எல்லார் முன்னாடியும் எழுந்து, 'பார்த்தீங்களா, சுத்தம் மட்டுமே போதும்னு காட்டிட்டேன்'னாங்க. கை தட்டினாங்க. அன்னைக்கே நிறுத்திட்டேன்."

"செத்துப்போகும்னு தெரிஞ்சேவா?" என்றார் அண்ணி.

அவள் கழுத்தில் தொங்கிய சாவியைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சேதான். கலந்தியான்னு கேட்டா இல்லைன்னு சொல்லலாம். ஆனா புரதம் செத்து அக்கா அழுதுட்டு நின்னப்ப நான் வாயைத் திறக்கலை. திறந்தா, முன்னாடி கலந்ததும் வெளிய வரும். அதுக்கும் சாவியைப் பிடுங்குவாங்க."

விஷம் வைத்தவளைத் தேடி வந்தோம். போன மாசம் வரை மருந்து வைத்தவளைப் பிடித்திருக்கிறோம். நான் என் நாற்காலியில் கொஞ்சம் சுருங்கினேன். அந்த விடிகாலை ஓட்டங்களுக்கு நான் தெருவில் கட்டிவிட்ட காதலன் மீசைகூட வைத்திருந்தான்.

"பொய்," என்றாள் பளிங்கு. ஆனால் குரலில் முன்பிருந்த பலம் இல்லை. "ஒரு சொட்டுக் கொழுப்பு இத்தனையும் பண்ணுமா? காட்டட்டும் பார்க்கலாம்."

காட்டினார்கள். உறைய வைத்திருந்த சவ்வை எடுத்து, சோப்பில் கரைத்து, ஒரே கலவையை இரண்டு குழாய்களில் பிரித்து விட்டார்கள். ஒன்றுக்குப் பளிங்கின் சுத்த நீர். மற்றதற்கு அதே நீரில் வாண்டுவின் சொட்டு. யாரும் கை வைத்தார்கள் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது என்பதற்காக, இரண்டையும் கழுவியவள் பளிங்குதான். கழுவினாள், கழுவினாள், அப்படிக் கழுவினாள். கீழே வைத்த பாத்திரம் நிரம்பி வழிந்தது. மதியம் தாண்டிவிட்டது. பசி தாங்காமல் டப்பாவைத் திறந்து பார்த்து, மறுபடி மூடி வைத்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இரண்டு சின்னக் குழாய்களையும் நீல விளக்கின்மேல் வைத்தார் பேராசிரியர். ஒன்று இருட்டாகவே கிடந்தது. மற்றது பச்சையாக, மின்மினிப் பூச்சியை அடைத்து வைத்தாற்போல, ஒளிர்ந்தது.

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன்.

பேராசிரியர் திரையை விலக்கினார். "நீ சொன்னது சரி. நான் சிரிச்சது தப்பு. ஆனா அடுத்தவங்க புட்டியில சொல்லாமக் கை வெச்சதும், சாகட்டும்னு பார்த்துட்டு நின்னதும் தப்புதான். இதை நான் விட முடியாது." கையை நீட்டினார். "சாவி."

வாண்டு கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் அண்ணியின் முழங்கையைக் கிள்ளினேன், அவர் அசையவில்லை.

பளிங்கு மட்டும் இன்னும் அந்தப் பச்சைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு போட்டே?"

"என்னக்கா?"

"ஒரு புட்டிக்கு எவ்வளவு?"

"அது... கண்ணளவா. கைக்கு வந்தது."

"கண்ணளவாவா?!" அன்று முழுக்கக் கேட்ட அலறல்களில் அதுதான் பெரிது. துரோகத்தைக்கூட மன்னிப்பாள்போல; அளக்காமல் ஊற்றியதை அவளால் தாங்க முடியவில்லை. "என் புட்டியில கண்ணளவா ஊத்தியிருக்கா! சார், நீங்க பாட்டுக்குச் சாவியை வாங்கிட்டு அனுப்பிட்டீங்கன்னா நான் யாரைப் போய்க் கேட்பேன்? எது கம்மி, எது அதிகம்னு எனக்கு எப்படித் தெரியும்?" சாவியை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, வாண்டு முன்னால் வைத்தாள். "நாளையிலேருந்து அளந்து ஊத்து. நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன்."

பேராசிரியர் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அன்னைக்கு நான் அப்படிச் சிரிச்சிருக்க வேண்டாம்," என்றாள் பளிங்கு, மேசையைத் துடைத்தபடி, மேசையிடம் சொல்வதுபோல.

வாண்டு சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

கேஸ் முடிந்தது, கொலைச் செய்தி முடியவில்லை. நான் மூன்று பேரிடம் சொன்னது தெருவைச் சுற்றி, நாலு பிணம் ஏழு பிணமாகி, என்னிடமே திரும்பி வந்தது. இல்லை, அது வெறும் புரதம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மூடி மறைக்க எனக்கு ஆய்வுக்கூடத்துக்காரர்கள் ஏதோ கொடுத்துவிட்டார்கள் என்று இப்போது பேச்சு.

வாண்டுவும் பளிங்கும் சேர்ந்து அளந்து அளந்து ஒரு நல்ல கணக்கைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு பேர் பெயரிலும் அது வெளிவந்தது. அதைப் பார்த்துத் தூரத்து ஊர் ஆய்வுக்கூடம் ஒன்று வாண்டுவைக் கூப்பிட்டுக்கொண்டது. போன இடத்தில் கூட வேலை பார்ப்பவனையே கட்டிக்கொண்டாள். படம் அனுப்பினாள். மாப்பிள்ளைக்கு மீசை இருக்கிறது, அந்த மட்டும் நான் சொன்னது பலித்தது. பளிங்கு, குளிரறை மெஷின் ரிப்பேருக்கு வந்த மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டாள். எப்போதும் முழங்கை வரை கிரீஸ் அப்பிய மனுஷன்! இந்தச் சம்பந்தம் நடக்கவே நடக்காது என்று தெரு முழுக்கச் சத்தியம் செய்தவள் நான்தான்.

எங்கள் மாடிக்கு இப்போது ஒரு வங்கிக்காரர் வந்திருக்கிறார். காலையில் போகிறார், மாலையில் வருகிறார், வாடகையைச் சொன்ன நாளில் கொடுக்கிறார், சிரிக்கிறார். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுதான் அவர்மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.